தழும்பும் கொண்டை ஊசியும்

கார்க்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ‘தாய்’. தொ.மு.சி. ரகுநாதன் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கலைஞர் ‘தாய் காவியம்’ ஆக்கினார். ஆனால் நாவலில் வரும் பெலகேயா நீலவ்னா, கார்க்கியைப் பெற்றவள் அல்ல. 1902 மே நாள் ஊர்வலத்தில், சோர்மவோவில் கொடி பிடித்துக் கைதான ஸலோமவ் என்ற தொழிலாளியையும் அவருடைய அம்மா அன்னாவையும் மனத்தில் வைத்து எழுதியது அது. கார்க்கியைப் பெற்ற வர்வாரா, பிள்ளையைப் பெரும்பாலும் தன் பெற்றோரிடமே விட்டிருந்தாள். 1879இல் காசநோயில் போய்ச் சேர்ந்தாள். அவனுக்குத் தாயாக இருந்தவள், அந்த வர்வாராவைப் பெற்ற பாட்டி அகுலீனா இவானொவ்னா. 1913-14இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு ‘குழந்தைப் பருவம்’ முழுக்க அவள்தான்.

நீலவ்னா, பாட்டி இரண்டு பேரும் புருஷனிடம் அடி வாங்கியவர்கள். நீலவ்னாவுக்கு வலது புருவத்துக்கு மேலே ஆழமான தழும்பு. அது புருவத்தைச் சற்றே மேலே இழுத்துவிட, எந்நேரமும் எதையோ பயந்து உற்றுக்கேட்பவள் போல இருப்பாள் என்கிறார் கார்க்கி. நல்ல வர்ணனை. பாட்டியின் கதையில் வர்ணனை இல்லை. தாத்தா தலையில் அடித்த அடியில் கொண்டை ஊசி தோலுக்குள் இறங்கிவிடுகிறது. முடியை விலக்கிப் பார்த்து அதைப் பிடுங்கி எடுப்பவன் பேரன். பாட்டியோ ஒன்றுமில்லை என்று மழுப்பி, நடந்ததை மறைக்கப் பார்க்கிறாள். பையனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தாத்தா பொக்கிஷமாக வைத்திருந்த புனிதர்களின் படத்தைக் கத்தரித்துப் போடுகிறான். தழும்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊசியைப் பிடுங்கியது அந்த ஒரு கைதான். ‘தாய்’க்கும் ‘குழந்தைப் பருவ’த்துக்கும் உள்ள தூரம் இதுதான் என்பேன்.

நீலவ்னா வளர்கிறாள். நாற்பது வயதில் மகனுக்குத் தெரியாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். சாப்பாடு விற்பவள் போல ஆலைக்குள் துண்டுப் பிரசுரம் கடத்துகிறாள். கடைசியில் ரயில் நிலையத்தில், மகனின் நீதிமன்றப் பேச்சு அச்சடித்த தாள்களைக் கூட்டத்துக்கு வாரிக் கொடுத்தபடியே காவலர்களிடம் சிக்குகிறாள். படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் அவளுக்கென்று ஒரு கெட்ட பழக்கம் கூடக் கிடையாது என்பது புத்தகத்தை மூடிய பிறகுதான் உறைக்கிறது.

பாட்டி வளர்வதில்லை, முதலிலிருந்தே அவள் அப்படித்தான். மூக்குப்பொடி போடுவாள், வோட்கா குடிப்பாள், அடுக்களையில் ஆடுவாள். சிறுமியாக இருந்தபோது, கை விளங்காத அம்மாவோடு பிச்சை எடுத்தவள். பிறகு லேஸ் பின்னக் கற்றவள். 18 பிள்ளைகள் பெற்றவள். ராத்திரியில் கடவுளிடம் பேசுவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் குடும்பக் கதை சொல்வது போல இருக்கும். தாத்தாவின் சாயப்பட்டறை தீப்பிடித்த இரவில் ஆண்கள் அலறிக்கொண்டு ஓட, அவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நெருப்புக்குள் புகுந்து, வெடிக்கவிருந்த கந்தகத் திராவக ஜாடியைத் தூக்கி வருகிறாள். வந்த கையோடு, மிரண்டு முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையின் எதிரே போய் நிற்கிறாள். தன்னைப் போல மூன்று மடங்கு உருவமுள்ள அந்த மிருகத்தை “எலிக்குட்டி” என்று கொஞ்சி, கூட்டிக்கொண்டு போகிறாள்.

கட்சிக்கும் மேடைக்கும் நீலவ்னாதான் பயன்பட்டாள். புதோவ்கின் படம் எடுத்தார், பிரெக்ட் நாடகம் எழுதினார். கிழவியை மேடையேற்றுவது கஷ்டம். அவளிடம் முழக்கம் இல்லை. அம்மாவைப் பற்றி, ஆச்சியைப் பற்றி நினைவு மலர் போட உட்காரும் நாமும் ‘தியாகச் சுடர்’ என்று தொடங்கி நீலவ்னாவைத்தான் எழுதுகிறோம். மூக்குப்பொடியை விட்டுவிடுகிறோம்.

பாட்டி இறந்தது 1887இல். மாதா கோயில் வாசலில் பிச்சை வாங்கிக்கொண்டிருந்தவள் விழுந்து கால் முறிந்து, அழுகல் கண்டு இறந்தாள். கார்க்கி அப்போது கஸானில் ரொட்டிக்கடை வேலையாள், வயது பதினெட்டு. செய்தி கடிதமாக வந்தபோது அவளைப் புதைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அவர் அழவில்லை. பாட்டி எப்படிப்பட்டவள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை. பல வருடம் கழித்து, செகாவின் கதையில் மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் தன் குதிரையிடம் துக்கத்தைச் சொல்வதைப் படித்தபோது, அன்று தன் பக்கத்தில் ஒரு குதிரையோ நாயோ கூட இல்லையே என்று வருந்தியதாக எழுதுகிறார். ரொட்டிக்கடையில் எலிகள் நிறைய இருந்தன, அவற்றோடு நல்ல சிநேகிதமும் இருந்தது. அவற்றிடம் சொல்லலாம் என்று அப்போது தோன்றவில்லையாம்.