விருந்துக்கு வந்த வினை

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் ஸ்வீடன் நாட்டு வீட்டுத் தோட்டங்களில் காகித விளக்குகள் தொங்கும். பெரியவர்களும் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு உட்காருவார்கள். மேஜையில் உப்பும் சதகுப்பைப் பூவும் போட்டு அவித்த கிரேஃபிஷ் சிவக்கச் சிவக்க இருக்கும். நம் ஊர் சிங்கி இறாலை அரைச் சாணுக்குச் சிறுக்க வைத்து, நண்டின் கொடுக்கு இரண்டை முன்னால் வைத்தால் எப்படியோ, அப்படி இருக்கும். ஏரி, ஆற்று நீரில் வாழ்வது.

16ஆம் நூற்றாண்டில் அது அரண்மனைப் பண்டம். சாமானியர் வெகுகாலம் சீந்தவில்லை. 19ஆம் நூற்றாண்டில் நகரத்தாருக்கும் ருசி பிடித்துவிட்டது, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியானது. அளவுமீறிப் பிடித்ததால் கோடையில் பிடிக்கத் தடை போட்டார்கள். தடை நீங்கும் மாதம் ஆகஸ்ட். விருந்துக்கு அந்த மாதம் அமைந்தது இப்படித்தான்.

1860 வாக்கில் இத்தாலியில் கிரேஃபிஷ்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பூஞ்சை போன்ற ஒரு நீர்க்கிருமிதான் காரணம். அது 1893இல் பின்லாந்தை எட்டியது. 1907இல் அங்கிருந்து விற்பனைக்கு வந்த சரக்கோடு ஸ்வீடனின் மேலாரன் ஏரியில் இறங்கியது. அதன்பின் ஏரி ஏரியாகக் காலியானது.

விருந்து நின்றுவிடக் கூடாதே! 1960இல் கலிபோர்னியாவிலிருந்து வேறொரு கிரேஃபிஷ் இனத்தைக் கொண்டுவந்தார்கள். நோயைத் தாங்கும், ருசியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அது தான் சாகாமல் நோயைச் சுமந்து திரியும் இனம். அது போன இடத்தில் நாட்டு இனம் சில வாரங்களில் மடிந்தது. நம் ஏரியிலும் இருக்கட்டும் என்று அனுமதியில்லாமல் கொண்டுபோய் விட்டவர்களும் உண்டு. ஈரம் காயாத கூடுகளும் படகுகளும் கிருமியைச் சுமந்தன.

இன்று நாட்டு இனத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. ஸ்வீடனில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க இனத்தை ஆபத்தான அந்நிய உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. உயிரோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோய் விடுவது குற்றம்.

மிச்சம் இருப்பவை நோய் எட்டாத நீர்நிலைகளில்தான். அங்கே கூடு வைப்பவர்கள் அதை நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். நோய்க்கு மருந்து கிடையாது. நாட்டு இனத்துக்குச் சந்தையில் இன்றும் விலை கூடுதல்; அதனாலேயே தம் ஏரியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பவர்களும் உண்டு. அழித்ததும் நாக்கு ருசிதான். மிச்சத்தைக் காத்து நிற்பதும் அதுதான்.