திருமலைக் கல்வெட்டும் உலகத் தமிழ் மாநாடுகளும்

பட்டு நெசவால் பெயர்பெற்ற ஆரணிக்கும் போளூருக்கும் அண்மையில் அமைந்த திருமலை, சமணம் தமிழ்மண்ணில் வேரூன்றி நின்றமைக்குச் சான்றாக விளங்கும் ஊராகும். குன்றின்மீது பாறையில் செதுக்கப்பெற்ற ஏறத்தாழ 16 அடி உயர நேமிநாதர் உருவம் உள்ளது. இங்குள்ள குந்தவை ஜினாலயம் சோழர் குலத்து அரசியின் பெயரைத் தாங்கியது. இவ்வூர்ப் பாறையில் முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1024-25) பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, உலகத் தமிழாராய்ச்சியின் தேவையையும் நெறியையும் உணர்த்தவல்லது.

அக்கல்வெட்டின் மெய்க்கீர்த்தி ஈழம், ஒட்டதேசம், கோசலநாடு, வங்காளதேசம் எனச் சோழர் படை சென்ற நாடுகளை அடுக்கிக் கங்கையில் முடிகிறது. கடாரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளில்தான் கடாரம் தோன்றுகிறது. எனவே கடற்படையெடுப்பு கி.பி. 1025ஐ ஒட்டி நிகழ்ந்தது என வரலாற்றறிஞர் துணிந்தனர். சொன்னவற்றால் மட்டுமன்றிச் சொல்லாது விட்டதாலும் ஒரு கல் காலத்தை வரையறுத்தது. அதனைப் படித்துப் பதிப்பித்தவர் செருமானிய அறிஞர் ஊல்ச். கல் இங்கிருக்க, கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிறது. இத்தகைய வரலாற்றை ஒரு நாட்டார் மட்டும் தனித்திருந்து எழுதிவிட இயலாது.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைமை ஏற்றார். கீழைத்தேயவியல் அறிஞர்களின் பன்னாட்டு மாநாடுகளில் தமிழுக்குக் கிட்டிய இடம் சிறிது. அத்தகைய 26ஆம் மாநாடு புதுதில்லியில் கூடியபோது, 1964 சனவரியில் அடிகளாரும் வ. அய். சுப்பிரமணியமும் முயன்று உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். பிரெஞ்சு அறிஞர் சான் ஃபிலியோசா முதல் தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும் பொதுச்செயலாளராயினர். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதோரும் தமிழாராய்ச்சியின் உரிமையாளரே என்பது இவ்வமைப்பிலேயே புலனாகும்.

முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது; கடாரத்தைத் தன்னகத்தே கொண்ட நாட்டிலேயே அது தொடங்கியது பொருத்தமுடையது. சென்னை (1968), பாரிசு (1970), யாழ்ப்பாணம் (1974), மதுரை (1981), மீண்டும் கோலாலம்பூர் (1987), மொரீசியசு (1989), தஞ்சாவூர் (1995) என அது தொடர்ந்தது. 2015இல் மறுபடியும் கோலாலம்பூரிலும் 2019இல் சிகாகோவிலும் நடந்தது. சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1970இல் அமைந்ததும், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் எழுந்ததும் இம்மாநாடுகள் எழுப்பிய உணர்வின் விளைவுகள் எனலாம்.

எனினும் இவ்வரலாறு முழுவதும் மகிழ்ச்சிக்குரியதன்று. யாழ்ப்பாண மாநாட்டின் நிறைவையொட்டி 1974 சனவரி 10ஆம் நாள் மக்கள் திரண்ட கூட்டத்தில் காவல்துறை தலையிட்டது, மின்கம்பி அறுந்து வீழ்ந்தது, உயிர்கள் பறிபோயின. அத்துயரம் ஈழத்தமிழர் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. 1995இல் தஞ்சைக்கு வந்த இலங்கைத் தமிழறிஞர் சிலர் திருப்பியனுப்பப்பட்டனர். ஆராய்ச்சி அரங்கு அரசியலின் வாயிலைக் கடந்தே உள்நுழைய வேண்டியிருந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

மற்றொரு குறையும் உண்டு. சென்னை மாநாடு முதலாக ஊர்வலங்களும் அலங்கார ஊர்திகளும் சிலைகளும் மக்கள் மனத்தில் நின்ற அளவுக்கு ஆய்வுக் கட்டுரைகள் நிற்கவில்லை. விழா வேண்டாம் என்பதன்று. மொழிப்பற்று மக்களிடம் பரவ அதுவும் வேண்டும். ஆனால் விழா முடிந்தபின் எஞ்சுவது ஆய்வே. மாநாட்டுக் கட்டுரைகளைத் தொகுத்து அச்சேற்றும் பணி, பந்தலிடும் பணியைவிடக் கடியது, பயனும் நெடியது.

கடல்கடந்த நாடுகளின் சான்றுகளும் இதனையே வலியுறுத்தும். பிலிப்பைன்சின் லகுனாவில் கிடைத்த செப்பேடு சகம் 822, அதாவது கி.பி. 900ஆம் ஆண்டினது. பழங்காவி எழுத்தில் அமைந்த அச்செப்பேட்டின் எழுத்துமுறை பல்லவர் எழுத்தின் வழிவந்ததென்பர். அந்நாட்டுச் சமூகத்தையும் பண்பாட்டையும் ஆராய்வோரும் தமிழெழுத்தின் வரலாற்றை ஆராய்வோரும் ஒரே அரங்கில் அமர்தற்கு அச்செப்பேடு ஒன்றே போதிய காரணமாகும்.

திருமலைக் கல்வெட்டின் இறுதிப்பகுதி இங்கே நினைக்கத்தக்கது. பேரரசனின் வெற்றிகளையெல்லாம் வரிசைப்படுத்திய பின்னர், வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, ஜினாலயத்தில் நந்தாவிளக்கு எரியவும் திருவமுது படைக்கவும் பொருள் அளித்ததை அது பதிவுசெய்கிறது. கங்கை வரை சென்ற படையின் செய்தி, ஒரு வணிகப் பெண் ஏற்றிய விளக்கின் பொருட்டே இக்கல்லில் இடம்பெற்றது. பேரரசர் வரலாற்றோடு ஊர்வரலாறும், ஆடவர் செயலோடு பெண்டிர் கொடையும், வைதிகத்தோடு சமணமும் ஆராயப்பெறும்போதே தமிழியல் முழுமையுறும். உலக அரங்குகள் எத்துணை கூடினும், அவரவர் ஊர்க்கல்லைப் படித்துக் காப்போர் இல்லையெனில் அங்கே பேசுதற்குப் பொருளிராது. அப்பணியைச் சிற்றூர் இலக்கிய வட்டங்களே முதலில் ஏற்றல் வேண்டும்.