ஷெஃபீல்டு சம்மட்டியும் கொடுமணல் மூசையும்

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, ஷெஃபீல்டு நகரத்து ஓரத்தில் அபிடேல் என்ற பழைய இரும்புப் பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். 1933 வரை அங்கே புல் அறுக்கும் நீண்ட அரிவாள் செய்தார்கள். 1970 முதல் அருங்காட்சியகம்.

ஷீஃப் ஆற்றுத் தண்ணீரைக் குளமாகத் தேக்கிச் சக்கரத்தில் விடுவார்களாம். தண்டு சுழலும்போது அதிலுள்ள பற்கள் சம்மட்டியின் வாலை அமுக்க, தலை எழும்பி விழும். நம் ஆசாரிக்கு இரண்டு ஆள் வேண்டும். அங்கே ஆறே அடித்திருக்கிறது.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது எஃகு உருக்கும் உலை அருகில்தான். மண் மூசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காத ஹன்ட்ஸ்மன் என்பவர் 1740களில் அவ்வூரில் கொண்டுவந்த முறை.

"அப்புச்சி, நம்ம ஊர்ல இது இருக்கா?" என்றான் பேரன்.

கொடுமணல் எனக்குப் பக்கம்தான். 68 வயது வரை எட்டிப் பார்த்ததில்லை. வெட்கமாகப் போயிற்று.

திரும்பி வந்ததும் போனேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுவே என்பார்கள். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியதில் இரும்பு உலைகளும், எஃகு உருக்கிய மூசை உலையும் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. எல்லோரும் கல்மணிகளையே பேசுகிறார்கள்; எனக்கு அந்த உலைதான் பெரிது.

பிற்காலத்தில் நம் பக்கத்துக் கொல்லர் எஃகு செய்ததை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: தேனிரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியும் பச்சை இலையும் மூசையில் இட்டு, வாயை மண்ணால் பூசி, துருத்தி ஊதிக் காய்ச்சுவது. அந்த 'ஊட்ஸ்' எஃகைப் பற்றி 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார்கள். பின்னால் ஃபாரடேயும் ஆராய்ந்தார். ஹன்ட்ஸ்மன் நம்மிடம் கற்றார் என்று பெருமை பேச மாட்டேன்; அதற்குச் சான்றில்லை.

தோண்டிய குழிகளை மூடியிருந்தார்கள். காட்டில் இரும்புக் கசடு கிடந்தது. எடுக்கவில்லை, படம் பிடித்துப் பேரனுக்கு அனுப்பினேன்.

"சக்கரம் எங்கே அப்புச்சி?" என்று கேட்டு எழுதினான். துருத்தி என்றால் என்னவென்று ராத்திரி போனில் அரைமணி நேரம் விளக்கினேன்.