வைத்தியத்திடம் கணக்குக் கேட்ட வரலாறு

மனிதன் நோய்க்கு மருந்து தேடிய வரலாறு மிகப் பழையது. கொடுத்த மருந்தினால் நோயாளி பிழைத்தானா, இறந்தானா என்று முறையாகக் கணக்குப் பார்த்த வரலாறோ மிகப் பிந்தியது. இடைப்பட்ட நெடுங்காலம் முழுவதும் வைத்தியம் ஆசானின் வாக்கையும் ஏட்டின் பெருமையையும் நம்பியே நடந்தது. பிழைத்தவன் வைத்தியரின் திறமைக்குச் சாட்சியானான். இறந்தவன் விதியின் கணக்கில் எழுதப்பட்டான். வசதியான இந்த ஏற்பாடு எவ்வாறு குலைந்தது, குலைத்தவர் யாவர், அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பவற்றை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம். ஏனெனில், இன்று வைத்திய விஞ்ஞானம் என்று நாம் மதிக்கும் அறிவின் அத்திவாரத்தில் கிடப்பவை பெரும்பாலும் பெயர் தெரியாத ஏழைகளின் உடல்களே.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் நகரம் ஐரோப்பிய வைத்தியத்தின் தலைநகராக விளங்கிற்று. புறூசே என்னும் பேராசிரியரின் கொள்கை அங்கே கோலோச்சியது. நோய்கள் உறுப்புகளின் அழற்சியால் எழுகின்றன. அழற்சியைத் தணிக்க இரத்தத்தை வெளியேற்றுக என்பது அவர் போதனை. அட்டை விட்டு இரத்தம் உறிஞ்சும் வழக்கம் எவ்வளவு பெருகிற்றெனில், 1833இல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது.

அந்நகரத்தில் பியெர் லூயி என்னும் வைத்தியர் ஒரு காரியம் செய்தார். கொள்கை பற்றி வாதம் புரியாமல், வைத்தியசாலைக் கட்டில்களின் அருகே இருந்து குறிப்பெடுத்தார். நியூமோனியாக் காய்ச்சல் கண்ட 77 பேரின் கதியை அவர் 1835இல் வெளியிட்ட நூலில் காணலாம். நோய் கண்ட முதல் நான்கு நாட்களுக்குள் இரத்தம் எடுக்கப்பட்டவர் 41 பேர். அவர்களில் 18 பேர் இறந்தனர். ஐந்தாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில் எடுக்கப்பட்டவர் 36 பேர். அவர்களில் இறந்தவர் 9 பேர். எவ்வளவு விரைவில் இரத்தம் எடுக்கிறோமோ அவ்வளவு நன்று என்ற நம்பிக்கையை இச்சிறு கணக்கு ஆட்டிவிட்டது.

லூயியின் கணக்கிலும் குறை உண்டு. ஐந்தாம் நாளில் இரத்தம் எடுக்கப்பட்டவன் முதல் நான்கு நாட்களைத் தாண்டி உயிர் வாழ்ந்தவன். ஆதலால் இரு கூட்டத்தாரும் ஒரே தரத்தினர் ஆகார். ஆனால் அன்றைய எதிரிகள் எடுத்த வாதம் இதுவன்று. 1837இல் பாரிஸ் வைத்தியக் கழகத்தில் நிகழ்ந்த விவாதத்தில், ஒவ்வொரு நோயாளியும் தனித்தன்மை உடையவன், அவனை எண்ணால் அளப்பது வைத்தியக் கலைக்கு இழுக்கு என்று முழங்கினர். நோயாளி தனித்தன்மை உடையவன் என்பது உண்மை. ஆயினும், அதே வைத்தியர்கள் எல்லா நோயாளருக்கும் ஒரே அட்டையைத்தானே விட்டார்கள்? சிகிச்சை செய்கையில் மறக்கப்பட்ட தனித்தன்மை, கணக்குக் கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வந்தது.

வேறொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். அக்காலத்தில் செல்வந்தர் தத்தம் இல்லங்களிலேயே சிகிச்சை பெற்றனர். வைத்தியசாலையின் நீண்ட கூடங்களில் கிடந்தவர் கூலிகளும் பணிப்பெண்களும் போக்கற்ற முதியோருமே. நூற்றுக்கணக்கில் அவர்கள் ஒரே கூரையின்கீழ்க் கிடந்தமையாலேயே எண்ணுதல் சாத்தியமாயிற்று.

இவ்வுண்மை வியன்னா நகரில் கொடூரமாக வெளிப்பட்டது. அந்நகரின் பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. அங்கே ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்க்கப்பட்டது. அதற்கு ஈடாக அவர்கள் தம் உடலைப் பயிற்சிக்கு ஒப்புக்கொடுத்தனர். முதல் விடுதியில் வைத்திய மாணவர் பயின்றனர். இரண்டாவதில் மருத்துவிச்சிகள் பயின்றனர். நாள் முறை வைத்துத் தாய்மார் இவ்விடுதிகளிற் சேர்க்கப்பட்டமையால், ஒருத்தி எவ்விடுதியை அடைவாள் என்பதை அவளுக்கு வலி கண்ட நாளே பெரும்பாலும் தீர்மானித்தது. 1846இல் முதல் விடுதியின் 4,010 தாய்மாரில் 459 பேர் இறந்தனர். இரண்டாவதில் 3,754 பேரில் இறந்தவர் 105 பேர்.

இத்தொகைகளை அறிஞர் ஆராயுமுன்னரே வியன்னாவின் ஏழைப் பெண்கள் உண்மையை அறிந்திருந்தனர். முதல் விடுதிக்கே அனுப்பப்படுகிறோம் என்று தெரிந்ததும் முழந்தாளிட்டுக் கைகூப்பி அழுதனர். தெருவிலே பிள்ளை பெற்று வந்த பெண்கள், விடுதியினுள் பெற்றவர்களிலும் குறைவாகவே பிரசவக் காய்ச்சலுக்கு இரையாயினர். அப்பெண்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிய பேராசிரியர்கள், காற்றின் கேட்டையும் கூட்ட நெரிசலையும் காரணம் காட்டினர்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் உதவி வைத்தியர் அவ்வச்சத்தை விஞ்ஞானக் கேள்வியாக மாற்றினார். 1847இல் அவருடைய நண்பரான கொலெச்கா, பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலிற் கண்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரின் உடலிற் கண்டவற்றையே ஒத்திருந்தன. பிணத்தை அறுத்த கையோடு மாணவர் பிரசவ அறைக்குள் நுழைகின்றனர். மருத்துவிச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. விடை விளங்கிற்று. அவ்வாண்டு மே மாதம் முதல் குளோரின் கலந்த நீரிற் கைகழுவியே உள்ளே நுழைதல் வேண்டும் என்று விதித்தார். 1848இல் முதல் விடுதியின் 3,556 தாய்மாரில் இறந்தவர் 45 பேர். இரண்டாவதில் 3,219 பேரில் 43 பேர். விடுதிகள் இரண்டும் சமமாயின.

இக்கணக்கின் பொருள் யாது? ஆயிரக்கணக்கான தாய்மாரைக் கொன்றது வைத்தியரின் கையே என்பதாகும். அதனை ஒப்புக்கொள்ளக் கனவான்களின் மனம் இடந்தரவில்லை. 1849இல் செம்மல்வைஸின் பதவி நீடிக்கப்படவில்லை. அவரும் தம் ஆய்வை விரிவான நூலாக வெளியிட 1861 வரை தாமதித்தார். எதிரிகளைக் கடுஞ்சொற்களால் தாக்கித் தனிமைப்பட்டார். 1865இல், 47 வயதில், மனநோய் விடுதியொன்றில் உயிர் நீத்தார்.

அறிவின்மையே தடையாயிருந்தால் அது நாளடைவில் நீங்கிவிடும். கௌரவமும் வருமானமும் தடையாயிருக்கும்போது நூற்றாண்டுகள் மாறினாலும் அது நீங்குவதில்லை. அமெரிக்காவில், பொஸ்டன் நகரின் சத்திர வைத்தியர் ஏர்னெஸ்ட் கொட்மன் அதற்குச் சாட்சி. சத்திர சிகிச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து, பயன் கிடைத்ததா, கிடைக்காவிடின் ஏன் என்று பகிரங்கப்படுத்த வேண்டும் என்று அவர் கோரினார். 1914இல் பெரும் வைத்தியசாலையின் பதவியைத் துறந்தார். தாம் நடத்திய சிறு வைத்தியசாலையிலிருந்து 1911 முதல் 1916 வரை வெளியேறிய 337 நோயாளரின் முடிவுகளை அச்சிட்டு, அவற்றில் 123 தவறுகளைத் தாமே எடுத்துக் காட்டினார். செல்வர் வாழும் பகுதியை, மண்ணிலே தலையைப் புதைத்துக்கொண்டு வைத்தியருக்குப் பொன்முட்டையிடும் தீக்கோழியாக அவர் 1915இல் ஒரு கேலிச்சித்திரத்திற் காட்டியபோது சகபாடிகள் வெகுண்டெழுந்தனர். 1940இல் அவர் இறந்தார். 2014 வரை அவர் புதைகுழிக்குப் பெயர்க்கல் கூட இருக்கவில்லை.

எண்ணுதல் மட்டும் போதாது, ஒப்பிடத் தக்கவர்களை ஒப்பிட்டு எண்ணுதல் வேண்டும் என்ற பாடத்தை முழுமையாக நிலைநாட்டியது இரண்டாம் உலகப் போரை அடுத்து பிரித்தானியாவில் நிகழ்ந்த ஆய்வாகும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து அப்போது புதிதாக வந்திருந்தது. போரினால் நலிந்த அந்நாட்டிற்குக் கிடைத்த மருந்து எல்லோருக்கும் போதாது. யாருக்குக் கொடுப்பது? வைத்தியரே தெரிவு செய்தால், பிழைக்கக் கூடியவனுக்கு அவர் மனம் சாயலாம். பின்னர் மருந்தின் பயன் எது, தெரிவின் பயன் எது என்று பிரிக்க முடியாது. ஆதலால் புள்ளிவிபரவியலாளர் பிரட்போர்ட் ஹில் சீட்டுக் குலுக்குவதை ஒத்த முறையை வகுத்தார். தற்செயல் எண்களால் தீர்மானிக்கப்பட்ட விடை, மூடிய உறைகளில் வைக்கப்பட்டது. செல்வாக்கும் சிபார்சும் அந்த உறைக்குள் நுழைய முடியவில்லை. 1948இல் முடிவு வெளிவந்தது: மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துள் இறந்தவர் 4 பேர், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். தொடர்ந்து எண்ணியபோது வேறோர் உண்மையும் தெரிந்தது. கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கப் பழகிக்கொண்டன. ஆண்டுகள் செல்ல, முதலிற் கண்ட நன்மை வெகுவாகச் சுருங்கியது. ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற அறிவு இதிலிருந்தே வளர்ந்தது.

எனினும் எண்ணுகோல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இங்கே எழுகின்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்னும் ஊரை மையமாகக் கொண்டு, அரசாங்கச் சுகாதார சேவை 1932இல் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. சுமார் 600 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் வறிய விவசாயிகள், அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோயின் பெயரைக்கூட அவர்களுக்குச் சொல்லவில்லை. 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தாக நிலைபெற்ற பின்னரும், அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நோய் எவ்வாறு முற்றி மனிதனைக் கொல்கிறது என்று பார்த்து எழுதுவதற்காக, 1972இல் செய்தி அம்பலமாகும் வரை, 40 ஆண்டுகள் அவர்கள் எண்ணப்பட்டனர். 1997இலேயே அந்நாட்டின் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். எண்ணிக்கை தன்னளவில் அறமாகாது. எண்ணப்படுபவனுக்கு உண்மை தெரியாமலும் பயன் சேராமலும் எண்ணினால், அது சுரண்டலின் இன்னொரு வடிவமே.

இதற்கு மறுதலையாக, வறியவரின் தேவையிலிருந்தே கேள்வியை எழுப்பிய ஆய்வொன்று சென்னையில் நிகழ்ந்தது. தமிழ் மக்கள் பெருமையோடு நினைக்கவேண்டிய செய்தி இது. காசநோய்க்குச் சுத்தமான காற்று, சத்துள்ள உணவு, பூரண ஓய்வு ஆகியவற்றைத் தரும் சானற்றோரியமே கதி என்பது அன்றைய கோட்பாடு. இந்தியாவிலோ நோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். கட்டில்கள் அவர்களில் ஒரு சிறு பங்கினருக்கும் போதா. அக்கோட்பாடு சரியெனின், ஏழை நாடுகளின் நோயாளர் சாவதைத் தவிர வழியில்லை. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் இக்கோட்பாட்டைச் சோதனைக்கு உட்படுத்திற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் ஒன்றுபட்டன. வொலஸ் பொக்ஸ் அதனை வழிநடத்தினார். நகரின் வறிய நோயாளர் சீட்டு முறையால் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானற்றோரியத்தில் இருந்தனர். மற்றவர் தம் நெருக்கடியான சிறு வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே.

முடிவு 1959இல் வெளியாயிற்று. சானற்றோரியத்தில் இருந்தோருள் 100க்கு 92 பேரிடமும், வீட்டில் இருந்தோருள் 100க்கு 86 பேரிடமும் நோய்க்கிருமி அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, ஓய்ந்திருந்ததும் குறைவு, உடல் நிறை கூடியதும் குறைவு. ஆயினும் மருந்து ஏறத்தாழ அவ்வளவே வேலை செய்தது. வீட்டிலுள்ள மற்றவர்க்கு நோய் தொற்றுமே என்ற அச்சத்தையும் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து சோதித்தனர். சானற்றோரியத்திற்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்களிலும் பார்க்க அங்கு ஆபத்து மிகுந்திருக்கவில்லை. உலகெங்கும் சானற்றோரியங்களின் கதவுகள் மெல்ல மூடப்படலாயின. கட்டில் இல்லாத நாடுகளுக்கும் நம்பிக்கை பிறந்தது. வழி காட்டியவர் சென்னையின் ஏழைகள்.

ஆனால் இம்முடிவைத் திரித்துப் படிப்போரும் உண்டு. வறியவனுக்கு மருந்து போதும், சோறும் வீடும் வேண்டியதில்லை என்று அரசுகள் கருதிவிட அது இடங்கொடுக்கக் கூடாது. வந்த நோயைத் தீர்ப்பது வேறு. நோய் வாராமற் காப்பது வேறு. இங்கிலாந்தில் காசநோய் மரணங்கள் மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே குறையத் தொடங்கின. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நிகழ்ந்து 2023இல் வெளியான ஆய்வொன்று இதனை ஐயத்துக்கு இடமின்றி எண்ணிக் காட்டிற்று. 2,800 காசநோயாளரின் வீட்டார் 10,345 பேர் அதில் இடம்பெற்றனர். சீட்டு முறையால் தெரிவான பகுதிகளில், நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டார் அனைவருக்கும் உணவுப் பங்கீடு வழங்கப்பட்டது. வளர்ந்தவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது 100க்கு 39 பங்கு குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாயின. பசி நோய்க்குத் தாய் என்று மக்கள் எக்காலத்தும் சொல்லிவந்ததற்கு விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்தது.

இன்று மருந்து ஆய்வின் பெரும்பகுதியைப் பெருங் கம்பனிகளின் பணமே நடத்துகின்றது. இலாபம் தரும் நோய்களுக்கு மருந்துகள் குவிகின்றன. காசநோய்க்கோ 2012இல் பெடாகுயிலின் வரும்வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் புதிய வகை மருந்தொன்று தோன்றவில்லை. பாதகமான முடிவுகள் பெட்டிக்குள் மறைந்த செய்திகளும் பல. அதனாலேயே, ஆய்வு தொடங்குமுன்பே அதனைப் பகிரங்கமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று முன்னணி வைத்திய சஞ்சிகைகள் 2005 முதல் வற்புறுத்தலாயின. கொட்மன் கேட்டதும் இதுவே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றை வைத்திய மாணவருக்கு மட்டும் உரிய பாடமாகக் கொள்ளலாகாது. சிகிச்சையின் முடிவைக் கேட்பது நோயாளியின் உரிமை. அதைத் தொகுத்துக் கேட்பது சமுதாயத்தின் உரிமை. எண்ணப்பட்டவன் அறியும்படி எண்ணுக. எண்ணியதை மறையாது வெளியிடுக. வெளிவந்த உண்மையின் பயன் எண்ணப்பட்டவனின் வாசலுக்கு முதலிற் போய்ச் சேர்க. வியன்னாவில் முழந்தாளிட்டு அழுத பெண்கள் தம் கேள்வியைக் கேட்டபோது செவிசாய்ப்பார் இல்லை. அக்கேள்வியை ஊரறியக் கேட்கும் கல்வியும் குரலும் நமக்கு உண்டு. கேட்பது நம் கடன்.