குழாயை எங்கே சொருகுவது?

பெரியப்பாவுக்குப் பெருந்தமனியில் ஆபரேஷன். நடு நெஞ்சில் தையல் இருக்கும் என்று தெரியும். வலது காறை எலும்புக்குக் கீழேயும் ஒரு சின்னத் தையல் இருந்தது. "அது எதுக்குடா?" என்றார் பெரியம்மா. பி.காம். படிக்கிறவனுக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு வந்து தேடியதில் கிடைத்த கதை இது.

1953 மே 6. பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியுடன் 18 வயதுப் பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தார். அந்த இயந்திரத்துக்கு அதுதான் முதல் வெற்றி. இயந்திரம் ரத்தத்தை வாங்கி ஆக்சிஜன் ஏற்றிவிடும், சரி. அதைத் திரும்ப உடம்புக்குள் எந்த வழியாக அனுப்புவது? எளிதாக எட்டுகிற தொடைத் தமனியைத்தான் அந்தக் காலத்தில் பலர் பிடித்தார்கள். பிறகு, நெஞ்சைத் திறந்ததுமே கண்ணில் படுகிற ஏறு பெருந்தமனிக்கு மாறினார்கள். சாதாரண பைபாஸுக்கு இன்றும் பெரும்பாலும் அதுதான்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெருந்தமனியே கிழிந்திருந்தாலோ, சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருந்தாலோ அங்கே குத்த முடியாது. மறுபடி தொடைக்குப் போக வேண்டும். அப்போது ரத்தம் கீழிருந்து மேலே, தலைகீழாக ஓடுகிறது. வழியில் சுவரில் ஒட்டியிருக்கும் கசடைப் பெயர்த்து மூளைக்குக் கொண்டுபோகலாம். கிழிந்த தமனியில் தவறான பாதைக்குள்ளும் புகுந்துவிடலாம். இதயம் நன்றாகத் துடிக்கும், ஆனால் ஆள் கண் விழித்தால் பேச்சு வராது. ஆபரேஷன் வெற்றி என்று அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

1975இல் ராண்டல் கிரீப் குழு, உடம்பை நன்றாகக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டுப் பெருந்தமனி வளைவை மாற்றும் முறையை வெளியிட்டது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்குமே! 1995இல் கிளீவ்லாண்ட் கிளினிக்கின் ஜோசப் சாபிக் குழு அக்குள் தமனியைப் பற்றி எழுதியது. அங்கே பெரும்பாலும் கசடு குறைவு. வலது அக்குளில் விட்டால் ரத்தம் வலது கழுத்துத் தமனிக்கும் நேராகப் போகும். வளைவைத் தைக்கும்போது மற்ற ஓட்டத்தை நிறுத்தினாலும் மூளைக்கு மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

அக்குள் வழியில் பக்கவாதம் குறைவு என்று பல ஒப்பீடுகள் சொல்கின்றன. ஆனால் முழுதாக நம்ப எனக்குத் தயக்கம். உயிர் ஊசலாடுகிற நோயாளிக்குச் சட்டென்று தொடையில்தான் சொருகுவார்கள். அவர்களையும் நிதானமாக அக்குளில் சொருகப்பட்டவர்களையும் ஒரே தராசில் நிறுப்பது சரியா? அக்குளிலும் செலவு உண்டு. பக்கத்திலேயே கைக்குப் போகும் நரம்புக் கற்றை இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதும் பெரியம்மா, "முதல்லயே அங்க குத்தியிருக்கலாமே, எதுக்கு இத்தனை வருஷம்?" என்றார். பெரியப்பாவுக்கு வலது விரல்கள் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கின்றன. பேச்சு மட்டும் குறையவே இல்லை.