யாழ்ப்பாணத்துச் சுமைதாங்கிகள்

சுமைதாங்கி என்பது, தலைச்சுமையோடு நடந்து வருவோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், பின்னர் தாமே ஏற்றிக்கொள்ளவும் தெருவோரத்தில் அமைக்கப்பட்ட கட்டுமானம். தமிழ்நாட்டில் இரண்டு கற்றூண்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே கிடத்துவது பெருவழக்காக இருந்தது. சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டில், அந்தக் கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு சுவர்போலக் கட்டியவையும் உண்டு. உயரம் ஏறத்தாழத் தோளளவு.

பயன் முழுவதும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. சுமந்து நடப்பதைவிடத் தூக்குவதும் இறக்குவதுமே முதுகைக் கூடுதலாக வருத்துகின்றன. நிலத்தில் கிடக்கும் மூட்டையைக் குனிந்து எடுக்கும்போது பாரம் உடம்பை விட்டு முன்னே தள்ளி நிற்கிறது. அதைத் தாங்க, கீழ்முதுகுத் தசைகள் மூட்டையின் எடையைப்போலப் பல மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். முள்ளந்தண்டு வட்டுகள் அந்த விசையில் அழுந்துகின்றன. தலையிலிருந்து தனியாளாய் இறக்கினால் கழுத்து திருகும், பிடி நழுவும். ஆகவேதான் கடகத்தைத் தலையில் ஏற்ற ஒரு கை பிடித்துவிட ஆள் தேடுவார்கள். ஆளில்லாத வெளியில் அந்த ஆளாகச் சுமைதாங்கி நின்றது. அதன் அருகே போய்ச் சற்றே தாழ்ந்தால் சுமை கல்லுக்கு மாறிவிடும். புறப்படும்போது சும்மாட்டைச் சரிசெய்து, சுமையைத் தலைக்கு நகர்த்தினால் போதும், குனியத் தேவையில்லை.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. உள்ளூருக்குள் படகில் பொருள் கொண்டுபோக வழியில்லை. புகையிலை, பனம்பொருட்கள், விறகு, கரையோரத்து மீன் எனப் பலவும் வண்டியிலோ தலையிலோதான் சந்தைக்குப் போயின. அதனால் சுமைதாங்கி தனித்து நிற்கவில்லை. மடம், கேணி, மாடுகள் உடம்பு தேய்த்துக்கொள்ளும் ஆவுரோஞ்சிக்கல் ஆகியவற்றோடு சேர்ந்து, மனிதருக்கும் மாட்டுக்கும் பொதுவான தங்குமிடமாயிற்று. பருத்தித்துறையின் தெருமூடிமடத்தில் தெருவே கூரையின் கீழ் செல்கிறது; இருமருங்கும் திண்ணைகள். வழிநடையின் களைப்பை அறிந்தவர்களின் கட்டடம் அது.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது தமிழர் வழக்கமாக இருந்தது. இறக்காத சுமையோடு போனவளுக்காக, முன்பின் அறியாத வழிப்போக்கரின் சுமையை இறக்கிவைக்க இடம் செய்தார்கள். துயரத்தை இத்தனை பயனுள்ளதாக்கிய நினைவுச்சின்னம் அரிது.

1905 இல் கொழும்பு – யாழ்ப்பாண ரயில்பாதை முழுமையடைந்தது. பின்னர் சைக்கிளும் லொறியும் பெருகின. நெடுந்தூரத் தலைச்சுமை குறைந்தது. தெருக்களை அகட்டும்போது பல சுமைதாங்கிகள் இடிபட்டன. அவற்றைப் பழம்பொருளாக மட்டும் பார்த்ததே இதற்கு ஒரு காரணம்.

ஆனால் மூட்டை தூக்கும் தொழில் சந்தைகளில் தொடர்கிறது. லொறியின் தட்டு உயரமாக இருப்பதால், தொழிலாளி முதுகைக் கொடுத்து நின்று மூட்டையை வாங்கிக்கொள்ளலாம். சுமைதாங்கியின் முறையே அது. இடர் எஞ்சியிருப்பது கடைக்குள், மூட்டையைத் தரையில் போட்டு மறுபடி அங்கிருந்து தூக்கும் இடத்தில். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1967 ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆணொருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டலாகாது என்றது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1990களில் வெளியிட்ட கணக்கீடோ, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் 23 கிலோவையே உச்சமாகக் கொள்கிறது; பாரம் தரைக்குத் தாழத் தாழ அந்த அளவையும் குறைக்கச் சொல்கிறது. சீமெந்துப் பை ஒன்றின் எடை 50 கிலோ. பைகளைத் தரையில் அடுக்காமல் இடுப்புயர மேடையில் அடுக்கினால், அந்தக் குனிதலைப் பெருமளவு தவிர்க்கலாம்.