வைப்பினிலிருந்து தனுஷ்கோடி வரை: தலைக்கவசமும் தட்பவெப்பமும்

தலையில் அணியும் பொருள்களுக்குத் தென்மேற்குக் கடற்கரையில் நெடிய வரலாறு உண்டு. கேரளத்தின் மீனவரும் வயல் உழைப்பாளரும் ஓலையாலும் மூங்கிலாலும் ஆன தொப்பிக்குடையை அணிந்தனர். கைப்பிடியற்ற அக்குடை மழையையும் வெயிலையும் ஒருசேரத் தடுத்தது. இரு கைகளும் வேலைக்கு விடுபட்டிருந்தன. உள்ளே காற்று உலவியது. குடியேற்ற ஆட்சிக்கால அதிகாரிகள் அணிந்த சோலா தொப்பியோ சதுப்பு நிலத்து நெட்டியால் ஆனது. எடை குறைந்தது, வெப்பத்தை எளிதில் உள்ளே விடாதது. இவ்விரண்டும் தட்பவெப்பத்துக்கு விடையாகப் பிறந்தவை. இன்று வைப்பின் தீவின் சாலையில் காணப்படும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் அந்த மரபில் வந்ததன்று. அது வேறொரு வினாவுக்கு, வேறொரு வானிலையில் கிடைத்த விடை.

இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மருத்துவராக இருந்த எரிக் கார்ட்னர், பந்தய வீரர்கள் தலையில் அடிபட்டு வருவதைத் தொடர்ந்து கண்டார். கித்தான் துணியில் அரக்குப் பூசிக் கெட்டியாக்கிய கவசம் ஒன்றை அவர் செய்வித்தார். 1914இல் மான் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமாயிற்று. 1935 மே மாதம் டி. இ. லாரன்ஸ் கவசமின்றி மோட்டார் சைக்கிளில் சென்று விபத்துக்குள்ளாகி, ஆறு நாள்களுக்குப் பின் இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், 1941இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் பின்னிருக்கையினரும் சாலை விபத்தில் இறந்திருந்தனர். கவசம் அணிந்திருந்த நிலையில் அடிபட்டவர்களாக அவருக்குக் கிடைத்தவர்கள் ஏழு பேர் மட்டுமே, எழுவரும் பிழைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்தக் கட்டாயம் வர 1973 வரை, அதாவது மேலும் 32 ஆண்டுகள், ஆயின.

கவசத்தின் இன்றைய உள்ளமைப்பு அமெரிக்காவில் உருவானது. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அடுக்கு என்னும் அமைப்புக்கு சி. எஃப். லொம்பார்ட் குழுவினர் 1953இல் காப்புரிமை பெற்றனர். இன்று அந்த உள்ளடுக்கு பெரும்பாலும் தெர்மாகோல் வகையைச் சேர்ந்தது. வெப்பத்தை எளிதில் வெளியே விடாதது. மோதலின் நொடியில் மூளையைக் காக்கும் அதே பொருள், மோதல் நேராத ஆயிரம் மணிநேரமும் தலையின் சூட்டை அடைத்து வைக்கிறது. குளிர் நாட்டுப் பந்தயத் தடத்தில் இது பெரிய குறையாக உணரப்பட்டிராது. கொச்சியின் ஈரக் காற்றில் அதுவே முதன்மைச் சிக்கல்.

வைப்பின் அச்சிக்கலைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தோடு சேர்த்துப் பேசப்படும் இத்தீவு, கடலுக்கும் காயலுக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. 2004இல் கோசிறீ பாலங்கள் திறக்கப்படும் வரை எறணாகுளம் செல்வது படகுப் பயணமாக இருந்தது. பாலங்களுக்குப் பின் தீவின் இருசக்கர வண்டி நெடுஞ்சாலையோடு இணைந்தது. கொச்சியில் தொடங்கும் நெடுஞ்சாலை வழி கோதமங்கலம், அடிமாலி வழியாக ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து மூணாற்றை அடைந்து, போடிமெட்டில் தமிழகத்துக்குள் இறங்கி, தேனி, மதுரை, இராமேசுவரம் கடந்து தனுஷ்கோடிக்குச் செல்கிறது. ஒரே வழியில் கடலோர ஈரம், பருவமழை, மலைமூடுபனி, மழைமறைவுப் பகுதியின் வறண்ட வெயில், இறுதியில் மீண்டும் உப்புக்காற்று.

இத்தகைய கலப்புப் பயணத்துக்கென்றே உருவான வகை அட்வென்ச்சர் தலைக்கவசம். 1978 டிசம்பரில் தொடங்கிய முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயமும், 1980இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வண்டியும் தார்ச்சாலையையும் மண்பாதையையும் ஒரே பயணத்தில் இணைத்தன. கவசமும் அவ்வழியே சென்றது. மண்பாதைப் பந்தயக் கவசத்தின் நீண்ட முன்விளிம்பும் முன்தள்ளிய தாடைக்காப்பும், சாலைக் கவசத்தின் முகக்கண்ணாடியோடு சேர்ந்தன. இந்தியாவில் 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்த பின் இவ்வகை வண்டியும் கவசமும் பரவலாகத் தெரியவந்தன.

வைப்பின்–தனுஷ்கோடிச் சாலை இந்தக் கவசத்தின் ஒவ்வோர் உறுப்பையும் சோதிக்கிறது. முன்விளிம்பு, தொப்பிக்குடையின் விளிம்பைப் போலவே, மாலை வெயிலையும் மழைத்துளியையும் கண்ணிலிருந்து விலக்குகிறது. திறந்த வெளியின் பக்கக் காற்றிலோ அதுவே பாயாகி கழுத்தை இழுக்கிறது. மலையேற்றத்தில் மூச்சின் வெம்மை குளிர்ந்த முகக்கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கிறது. கண்ணாடியைச் சற்றுத் திறந்தால் மழை உள்ளே வருகிறது. தாடைக்காப்பின் அகலம் நெரிசலில் மெதுவாகச் செல்லும்போது மூச்சுக்கு இடம் தருகிறது. கடலோரத்திலோ வியர்வை உள்துணியில் ஊறி, மழைக்காலத்தில் காயாமல் நாறுகிறது. நாள்பட்ட மென்பஞ்சு தளரத் தளரக் கவசமும் தளர்கிறது. தளர்ந்த கவசம் விபத்தில் கழன்று போகக்கூடியது. வசதிக் குறைவு எனத் தோன்றுவது இவ்வாறு பாதுகாப்புக் குறைவாக முடிகிறது.

இந்தியச் சட்டம் கவசத்தைத் தலையில் இருப்பது, இல்லாதது என்ற இரண்டே நிலைகளில் பார்த்து வந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் பின்னிருக்கையினருக்கும் அது நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூன் முதல் கேமராக்கள் கண்காணிக்கின்றன. கட்டாயத்தின் நியாயம் ஐயத்துக்கு உரியதன்று. கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாக 2008இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு கணித்தது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களுள் 50,029 பேர் கவசம் அணியாதவர்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

தட்பவெப்பம் அரசின் கோப்பில் இடம்பெற்றது மிகப் பிந்தியே. உச்சநீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியபடி, நாட்டின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற எடை குறைந்த கவசங்களை ஆராய எய்ம்ஸ் மருத்துவர்கள் உள்ளிட்ட குழு அமைந்து, 2018இல் தன் பரிந்துரையை அளித்தது. இந்தியத் தர முத்திரை பெற்ற கவசங்கள் மட்டுமே விற்கப்பட வேண்டும் என்ற ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எடை குறைய வேண்டும் என்னும் இந்தத் தேவைக்கு எதிர்த்திசையில் நிற்கிறது அட்வென்ச்சர் கவசம். எல்லா வானிலைக்கும் ஓர் உறுப்பைச் சேர்த்துச் சேர்த்து அதன் எடை பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை எட்டுகிறது அல்லது தாண்டுகிறது. விலையும் ஏறுகிறது. முனம்பத்தில் மீன் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரரின் கைக்கு அது எட்டாது. அவருடைய தலையும் அதே வெயிலில்தான் இருக்கிறது.

கார்ட்னரும் கெய்ர்ன்ஸும் கேட்டது மோதலின் நொடியைப் பற்றிய வினா. அதற்கு விடை கிடைத்துவிட்டது. தொப்பிக்குடையைப் பின்னியவர்கள் கேட்டது நாள் முழுவதும் தலையில் இருக்க வேண்டிய பொருளைப் பற்றிய வினா. தென்னிந்தியச் சாலைக்கான தலைக்கவசம் இவ்விரு வினாக்களையும் ஒன்றாக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. கவசம் அணியாமையை அறியாமை என்றோ ஒழுங்கின்மை என்றோ மட்டும் பதிவுசெய்யும் வரலாறு, அந்த இரண்டாவது வினாவைக் கேட்காமலே விட்டுவிடுகிறது.